கையில் கொடுத்த இரும்பு

வலிப்பு வந்து கண் விழிக்கும்போது, கையில் என்ன இரும்பு இருக்கிறது என்று பார்த்துத்தான் அனுசியா தான் விழுந்த இடத்தைத் தெரிந்துகொள்வாள். சாவிக்கொத்து என்றால் வீடு. ஸ்பானர் என்றால் பஸ். ஒன்பது வயதில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துப் பிரேயரில் விழுந்தபோது மணியடிக்கிற இரும்புத் துண்டைக் கொடுத்தார்கள். அதை அவள் பிடித்த பிடியிலேயே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். மத்தியானம் வரைக்கும் மணியே அடிக்கவில்லை என்று பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். சிலமலைத் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் விழுந்தபோது, ராட்டினக்காரன் பதறிப்போய் எங்கிருந்தோ ஒரு நட்டைக் கழற்றி வந்து அவள் உள்ளங்கையில் திணித்தான். எங்கிருந்து கழற்றினான் என்று யாருக்கும் தெரியாததால் அதற்குப் பிறகு அந்த ராட்டினத்தில் ஒருவரும் ஏறவில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. இருபத்தேழு வருஷத்தில் ஊரில் இருக்கிற இரும்பில் பாதியாவது அவள் கைக்குள் வந்துபோயிருக்கும். அத்தனையும் அன்பாகக் கொடுத்ததுதான். அதுதான் கொடுமை. வெறுத்துக் கொடுத்திருந்தால் தூக்கி எறிந்துவிடலாம்.

அம்மா ஜக்கம்மாள் மகளின் நோயை மூடி வைத்தே கல்யாணம் செய்துவைத்தாள். மாப்பிள்ளை பாண்டியராஜ், தேனியில் டயர்க்கடையில் வேலை. மூன்றாம் வாரம் அடுப்படியில் விழுந்தாள். கண் விழித்தபோது கையில் மோட்டார் சைக்கிள் சாவி இருந்தது. பாண்டியராஜ் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்து, அதே வண்டியில் அவளை ஏற்றி, சிலமலையில் அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல வாய் வரவில்லை, மறைத்தது இவர்கள். ஆனால் ஒரு வார்த்தை பேசிவிட்டாவது போயிருக்கலாம்.

அதற்குப் பிறகு தேனி பெரியாஸ்பத்திரி மாத்திரை. வாரத்துக்கு ஒரு தடவை விழுந்தவள், நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை என்று ஆனாள். அம்மா போய்ச்சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. தனி வீடு, இரண்டு ஆடு. குளிக்கும்போது கதவைத் தாழ் போடமாட்டாள். காலை ஐந்தரைக்கு வினோத்குமாரின் ஜீப்பில் ஏறினால் போடி, முந்தல் வழியாகப் போடிமெட்டு வளைவுகளில் சுற்றி மேலே போய், ஏலத்தோட்டத்தில் இறங்குவாள். சாயங்காலம் அதே ஜீப்பில் இறக்கம். பன்னிரண்டு பெண்கள். ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவள் முத்துப்பிரியா. ஆளுக்கொரு நிரை செடி. அனுசியாவுக்குப் பக்கத்து நிரை எப்போதும் சந்திரவல்லிதான். பதினோரு வருஷமாக அப்படித்தான்.

சந்திரவல்லிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வாய் ஓயாது. செடியோடு பேசுவாள், அட்டைப்பூச்சியோடு பேசுவாள், ஆள் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். அனுசியா விழப்போகிறாள் என்பது அனுசியாவுக்கே தெரியும் முன் அவளுக்குத் தெரியும். "ஏடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு. உக்காரு, உக்காரு" என்று பிடித்து உட்காரவைத்துவிடுவாள். அதனால்தான் சரிவில் இத்தனை வருஷம் அனுசியா உருளாமல் இருந்தாள்.

போன ஆனி மாதம் அந்தச் சந்திரவல்லியின் கையால்தான் அது நடந்தது.

அன்று காய் எடுப்பு இல்லை, காய்ந்த தட்டைகளை வெட்டி ஒதுக்குகிற கவாத்து வேலை. அனுசியா செடித் தூரிலேயே சாய்ந்துவிட்டாள். சந்திரவல்லி இரும்பு தேடினாள். சாவிகள் எல்லாம் கீழே ஜீப்பில் சோத்துப் பைகளோடு கிடந்தன. கையில் இருந்தது கவாத்துக் கத்தி ஒன்றுதான். பிடியைக் கொடுக்கலாம், ஆனால் பிடி மரம். மரம் எப்படி இரும்பாகும்? ஆகவே நிதானமாக யோசித்து, கத்தியைத் திருப்பி, மழுங்கின முதுகுப் பக்கம் உள்ளங்கையில் படும்படி பார்த்துப் பார்த்து வைத்தாள். இழுப்பு வந்த கைக்கு முதுகு எது, வாய் எது என்று தெரியுமா? கத்தி ஒரு புரட்டு புரண்டது.

போடி ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல். மோதிர விரலும் சுண்டு விரலும் அதற்குப் பிறகு முழுசாக மடங்கவில்லை. தோட்டத்துச் சூப்பர்வைசர் மலையாளத்துக்காரர், முத்துப்பிரியாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஒரு தடவை ரத்தம் பார்த்தாச்சு. இனி ஒரு தடவை அவள் இங்க விழுந்தா ஜீப்பில ஏத்தண்டா. மனசிலாயோ?" முத்துப்பிரியா அதை மறைக்காமல் அனுசியாவிடம் சொன்னாள். ஆக, இன்னும் ஒரே ஒரு தடவை. ஜீப்பில் அந்த இடம் போனால் அவளுக்குப் பிழைப்பு மட்டுமா போகும்? பேச்சுத்துணை போகும், விழுந்தால் பார்க்க ஆள் போகும். வீட்டுக்குள் இரண்டு ஆட்டோடு விழுந்து கிடக்க வேண்டியதுதான்.

அதைவிட இன்னொன்று அவளை அதிகமாக அறுத்தது. சந்திரவல்லி நிரையை மாற்றிக்கொண்டாள். ஜீப்பில் கடைசியில் போய் உட்கார்ந்தாள். வாய் ஓயாதவள் வாயை மூடிக்கொண்டாள். குழம்பு மட்டும் தினமும் யார் கையிலாவது கொடுத்தனுப்புவாள், நேரில் வரமாட்டாள். "நான் ஒண்ணும் நினைக்கலைன்னு அந்தக்காகிட்ட சொல்லுங்களேன்" என்று அனுசியா எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தாள். சொன்னார்கள். அவள் காதில் ஏறவில்லை.

ஆவணியில் அனுசியா திரும்பி வேலைக்குப் போனபோது விரல் வளையாததால் காய் எடுப்பில் வேகம் இல்லை. முத்துப்பிரியா அவளைச் சில நாள் பழைய பங்களாவைக் காலி செய்கிற வேலைக்கு அனுப்பினாள். வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. தோட்டம் கைமாறிவிட்டது, இடித்து ரிசார்ட் கட்டப் போகிறார்களாம். ஒரு அலமாரி நிறையப் புத்தகம், பாதியைக் கரையான் தின்றிருந்தது. காய் உலர்த்துகிற ஸ்டோர் அடுப்புக்கு ஆகும், சாக்கில் போடு என்றார்கள்.

போட்டுக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றாள். தோல் அட்டை போட்ட கனத்த புத்தகம், விரிந்த பக்கத்தில் ஒரு படம். இறுக மூடிய ஒரு கை. மணிக்கட்டு வளைந்து, கட்டைவிரல் உள்ளே மடங்கி, விரலிடுக்கில் ஒரு சாவியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் அந்தக் கையைத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும்.

"இதை நான் எடுத்துக்கிடவா சார்?"

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "எடுத்தோ சேச்சி. படிக்கானோ?" என்று சிரித்தார். அவள் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்து வந்தாள்.

ஜீப்பில் படித்தவள் ஒருத்தி உண்டு. அருணா, பி.ஏ. முடித்தவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். படிப்பு கொடுக்காததை ஏலக்காய் கொடுக்கிறது என்று வருகிறவள். மறுநாள் காலையில் புத்தகத்தைப் புரட்டியதுமே அவள் முகம் மாறியது. "அனுசியாக்கா, இது உங்க நோயைப் பத்தின புஸ்தகம். லண்டன்ல அச்சடிச்சிருக்கு. நூத்தி நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. எழுதினவரு ஒரு டாக்டரு."

தனக்குத் தெரிந்தது போக மீதிக்கு அருணா போனைப் பக்கத்தின் மேல் பிடித்தாள். போன் அதைத் தமிழாக்கிக் காட்டியது, அதுவும் ஒரு தினுசான தமிழ். முந்தல் தாண்டினால் டவர் போய்விடும். ஆகவே சிலமலைக்கும் முந்தலுக்கும் நடுவில் ஓடுகிற நேரத்துக்கு எவ்வளவோ அவ்வளவுதான் தினப்படி வாசிப்பு. வினோத்குமார் பாட்டை நிறுத்திவிடுவான். நல்ல இடத்தில் முந்தல் வந்துவிட்டால், "அண்ணே, கொஞ்சம் மெதுவாத்தேன் போங்களேன்" என்று பெண்கள் கத்துவார்கள்.

முதல் சில நாள் வாசிப்புக்குப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நோயாளியின் தலையை மழித்துச் சூடு போடச் சொல்லியிருந்தார் அந்த டாக்டர். வாயில் நுழையாத உப்புகளைக் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். நாலாம் நாள், இந்த நோய்க்காரர்கள் முன்கோபிகள், பொய் சொல்லக்கூடியவர்கள், கல்யாணம் செய்துவைக்கக் கூடாது என்று வந்தது. அருணா பாதியில் வாயை மூடினாள். ஜீப்பில் எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

"படி அருணா. நிப்பாட்டாத" என்றாள் அனுசியா.

முத்துப்பிரியாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "வெள்ளைக்காரென்னு பாத்தா, நம்ம ஊர்க்காரென் மாதிரியே பேசுறானே! படிச்சுமா இந்தப் புத்தி?"

எல்லோரும் சிரித்தார்கள். அனுசியாவும் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க அவள் சோறு சாப்பிடவில்லை. எத்தனை கடல் தாண்டி, எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் ஒரே பேச்சுத்தானா என்று அவளுக்கு வெறுத்துப்போயிற்று.

ஆறாம் நாள் அந்தப் படம் இருந்த பக்கம் வந்தது.

டாக்டர் சொல்கிறார்: எங்கள் நாட்டுக் கிராமங்களில் வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்கிற வழக்கம் உண்டு. ரொட்டி விற்கிறவரின் மகள் ஒருத்திக்கு இருபத்திரண்டு தடவை வலிப்பு வந்தபோது நான் கூடவே கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். பதினோரு தடவை சாவி கொடுத்தேன். பதினோரு தடவை ஒன்றும் கொடுக்கவில்லை. இரண்டும் ஒன்றுபோலவே தானாக நின்றது. சாவி நோயாளிக்காக அல்ல. சும்மா இருக்க மாட்டாத நம் கைகளுக்காக.

அருணா அந்தக் கடைசி வரியைத் தன் சொந்தத் தமிழில் இன்னொரு தடவை சொன்னாள். கடைசி சீட்டிலிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

"அப்ப..." சந்திரவல்லி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஜீப்பில் அவள் பேசிய முதல் பேச்சு. "அப்ப அவ கைய நான் வெட்டுனது சும்மாவாடி? வெறும் சும்மாவா?"

அதுவரைக்கும் அவளுக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்கிறது பாருங்கள்: கை போனாலும் உயிரைக் காப்பாற்றினோம் என்று. அந்தப் பக்கம் அதையும் பிடுங்கிக்கொண்டது. மறுநாள் அவள் ஜீப்புக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

இதற்கிடையில் அருணா, ஊரில் இருக்கிற நர்சம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சூடு, உப்பெல்லாம் வெசம், அதத் தொட்டுறாதீக. இந்தப் பக்கம் மட்டும் சரி. இதத்தான நான் மூணு வருசமா கத்துறேன்? ஒருக்களிச்சுப் படுக்க வையி, கையில வாயில ஒண்ணும் திணிக்காத, அமுக்கிப் பிடிக்காத, அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா ஆஸ்பத்திரின்னு. நான் சொன்னா கேக்க மாட்டீக, செத்துப்போன வெள்ளைக்காரென் சொன்னா கேப்பீக." நியாயமான கோபம்தான்.

ஞாயிற்றுக்கிழமை அனுசியா புத்தகத்தை எடுத்துக்கொண்டு சந்திரவல்லி வீட்டுக்குப் போனாள். சந்திரவல்லி வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள், வா என்று சொல்லவில்லை. அனுசியா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, புத்தகத்தின் கடைசி வெள்ளைத் தாளை விரித்தாள்.

அதில் அச்சு இல்லை. பென்சிலில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள். தேதி, பக்கத்தில் ஒரு எண். தேதி, எண். முழுப் பக்கம்.

"அருணா படிச்சுச் சொன்னாக்கா. என்னென்னைக்கு வலிப்பு வந்துச்சு, எத்தனை நிமிசம் இருந்துச்சுன்னு எழுதியிருக்காம். மூணு நிமிசம், ரெண்டு நிமிசம், நாலு நிமிசம். அந்தப் பங்களாவுல யாரோ என்னைய மாதிரி இருந்திருக்காக. நம்ம மலையிலயே."

சந்திரவல்லி அந்தப் பென்சில் வரிகளைப் பார்த்தாள்.

"விழுந்தவுக இதை எழுத முடியாதுல்ல? விழுந்தா நமக்கு என்ன தெரியும். பக்கத்துல உக்காந்திருந்தவுகதான் எழுதியிருக்கணும். இம்புட்டுத் தடவையும் எந்திரிச்சு ஓடாம உக்காந்திருக்காக." அனுசியா புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினாள். "எனக்கு நீதேன் உக்காரணும்க்கா. வேற யாரு உக்காந்தாலும் எனக்குப் பயமா இருக்கும்."

"என் கைய நம்புறியாடி நீ?"

"உன் கைதேன் வேணும்கிறேன்."

திங்கட்கிழமை சந்திரவல்லி ஜீப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து நிரையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அவளிடம் கடிகாரம் இல்லை, இருந்தாலும் பார்க்கத் தெரியாது. வாயால் எண்ணினால் பதற்றத்தில் தப்பிவிடும். அருணாதான் வழி கண்டுபிடித்தாள். போனில் நேரம் வைத்து, சந்திரவல்லியை நிதானமாகக் காய் எடுக்கச் சொன்னாள். ஒரு நிமிஷத்துக்கு முப்பது காய். பத்துத் தடவை பார்த்தும் முப்பதுதான், கூடினால் ஒன்று, குறைந்தால் ஒன்று. நாக்கு தப்பினாலும் முப்பது வருஷம் பழகின விரல் தப்பாது. அப்படியானால் ஐந்து நிமிஷத்துக்கு நூற்றைம்பது காய். நூற்றைம்பதைத் தாண்டினால் ஜீப்பைக் கூப்பிடு. அவ்வளவுதான் பாடம்.

ஐப்பசியில் அந்த நாள் வந்தது. இரண்டு நாள் பெய்த அடைமழை விட்டு, மலை முழுக்க ஈரம். மணி பதினொன்று இருக்கும். சந்திரவல்லி நிமிர்ந்து பார்த்து, "ஏடி, மூஞ்சி..." என்று சொல்லி முடிக்கும் முன் அனுசியா சரிந்துவிட்டாள்.

சந்திரவல்லி தாவி வந்து அவளை ஒருக்களித்துக் கிடத்தினாள். தலைக்கடியில் சாக்கை மடித்து வைத்தாள். அனுசியாவின் வெறும் கை காற்றில் இறுகி இறுகி வெட்டியது. பதினோரு வருஷப் பழக்கம் அந்தக் கையைப் பார்த்து, எதையாவது கொடு, கொடு என்று சந்திரவல்லியை அரித்தது. அவள் செடித் தூருக்குத் திரும்பி, காய்ச் சரத்தில் கை வைத்து, ஒரு காயைக் கிள்ளி மடியில் போட்டாள். ஒன்று. இன்னொன்று. இரண்டு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. விரல் தன் வேலையைப் பார்த்தது.

சத்தம் கேட்டுச் சூப்பர்வைசர் ஸ்டோர் சாவிக்கொத்தோடு மேட்டிலிருந்து ஓடி வந்தார். குனிந்து அனுசியாவின் கையைப் பிரிக்கப் போனார்.

"தொடாதீக!" சந்திரவல்லி திரும்பாமலே கத்தினாள். "அம்பத்தி நாலு."

"எந்தா சேச்சி, இரும்பு வேண்டே?"

"வேணாம். அம்பத்தி அஞ்சு. வெலகி நில்லுங்க. அம்பத்தி ஆறு."

மற்ற பெண்களும் வந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் ஒன்றும் செய்யவில்லை. சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. எழுபதில் இழுப்பு இன்னும் பலமானது. எண்பதில் முத்துப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். எண்பத்தாறாவது காய் சந்திரவல்லியின் மடியில் விழுந்தபோது அனுசியாவின் கை தளர்ந்து, விரல்கள் தானாகப் பிரிந்து, ஈர மண்ணில் மல்லாந்தது.

சூப்பர்வைசர் முத்துப்பிரியாவைப் பார்த்தார். சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்கிற பார்வை.

முத்துப்பிரியா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "பாருங்க சார். விழுந்தா. எந்திரிக்கப் போறா. ஒரு சொட்டு ரத்தம் இருக்கா, பாருங்க. அன்னைக்கு ரத்தம் வந்தது அவ நோயால இல்ல, எங்களால. இனிமே அது வராது. நாளைக்கும் இவ ஜீப்புல வருவா."

அவர் அனுசியாவின் வெறும் கையைப் பார்த்தார். பிறகு சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, வெள்ளம் கொடு, குடிக்கட்டும்" என்றார்.

"முழுசா முழிக்கட்டும் சார், பெறகு தண்ணி குடிக்கலாம்" என்றாள் அருணா.

அனுசியா கண் திறந்தாள். வழக்கம்போல முதலில் கையைத்தான் பார்த்தாள். விரித்துப் பார்த்தாள், மூடிப் பார்த்தாள், திரும்பவும் விரித்தாள். ஒன்றும் இல்லை. சாவி இல்லை, ஸ்பானர் இல்லை, கத்தி இல்லை. பழைய தழும்பு மட்டும் குறுக்கே கிடந்தது. அவள் முகத்தில் பயம் ஏறியது. வீடா, பஸ்ஸா, பாண்டியராஜின் அடுப்படியா, ஒன்றும் புரியாமல் கண்கள் அங்குமிங்கும் அலைந்தன.

"நான் எங்க இருக்கேன்?"

சந்திரவல்லி மடியில் இருந்த எண்பத்தாறு காயும் சிதற எழுந்து வந்து, அந்த வெறும் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்டடி. எங்கிட்டதேன் இருக்க."